தன்காலில் நின்ற சபை

ஒருவர்க்கு உதவி செய்தல் எளிது. உதவி பெற்றவர் மறுபடியும் கைநீட்டாதபடி அவரை நிலைநிறுத்துதல் அரிது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதால் வீழ்ந்த நற்காரியங்கள் உலக சரித்திரத்திற் பல. நல்லெண்ணத்தோடு பொருளை வாரி வழங்கியவர் ஊர் திரும்பிய சில மாதங்களுக்குள், அவர் தொடங்கிய பள்ளி பூட்டப்படுவதையும், சங்கம் கலைவதையும், கட்டடம் பாழடைவதையும் எந்நாட்டிலும் காணலாம். அவ்வாறன்றி, வந்தவர் இரண்டு வாரமே தங்கிச் சென்றும், பொற்காசு ஒன்றும் கொடாதிருந்தும், அவர் சொல்லிய யோசனையின் துணையால் ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகத் தன்காலில் நின்றதுண்டா என்று வினவினால், உண்டு என்று சரித்திரம் விடை கூறும். கொரியா தேசத்துக் கிறிஸ்தவ சபையின் கதையே அது.

எச்சமயத்தின் கொள்கையையும் நிலைநாட்டவோ மறுக்கவோ நாம் இங்குப் புகவில்லை. எளிய மக்கள் கூடி ஒரு ஸ்தாபனத்தை எவ்வாறு வளர்த்தனர், அவர்க்குத் துணைபுரிய அயல்நாட்டிலிருந்து வந்தவர் எதைச் செய்தார், எதைச் செய்யாது விட்டார் என்பதே நமது ஆராய்ச்சி. ஆங்கிலப் பள்ளியில் நாம் கற்ற சரித்திர நூல்கள் இங்கிலாந்து மன்னர்களின் மனைவியர் பெயர்களையெல்லாம் ஒப்புவிக்கச் செய்தன. நம்மைப்போல் ஆசியாவிலே, நம்மைப்போல் அந்நியர் ஆட்சியில் அல்லலுற்ற கொரியரைப்பற்றி ஒரு வரியேனும் சொல்லவில்லை. அக்குறையைச் சிறிதேனும் நீக்குவது இக்கட்டுரையின் மற்றொரு நோக்கம்.

பாதிரிக்கு முன் பிறந்த சபை

கொரியா நெடுங்காலம் அயலார்க்குக் கதவடைத்திருந்த நாடு. 1784-ஆம் ஆண்டில் யீ சுங்ஹூன் என்னும் கொரியப் பிரபு பீக்கிங் நகரம் சென்று, அங்கிருந்த கத்தோலிக்கப் பாதிரிமாரிடம் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினார். குருவானவர் ஒருவரும் நாட்டில் அடியெடுத்து வைக்குமுன்னரே கொரியர் தாமாகக் கூடி வழிபடலாயினர். அரசாங்கம் அவர்களைப் பலமுறை வேட்டையாடியது. 1866-இல் தொடங்கிய கொடுமையில் ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர்.

பிராட்டெஸ்டண்டு சபையின் பிறப்பும் ஏறக்குறைய இவ்வாறே நிகழ்ந்தது. சீனத்தின் வடகிழக்கே மஞ்சூரியாவில் ஜான் ராஸ் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார் உழைத்துவந்தார். எல்லை கடந்து வியாபாரத்திற்கு வந்த கொரியர் சிலரைத் துணையாகக் கொண்டு, அவர் புதிய ஏற்பாட்டைக் கொரிய பாஷையில் பெயர்க்கலானார். 1882-இல் லூக்கா, யோவான் சுவிசேஷங்கள் முக்டன் நகரில் அச்சேறின. 1887-இல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தது. அத்துணைவருள் ஒருவர் சோ சாங்ரியுன். ஜின்செங் என்னும் மருந்து வேரை விற்கும் வணிகர். மஞ்சூரியாவில் கடுஞ்சுரங் கண்டு சாகக் கிடந்தபோது மிஷன் மருத்துவரால் உயிர் பிழைத்து, பின்னர் அச்சமயத்தைத் தழுவியவர். அச்சிட்ட நூல்களை மூட்டையில் மறைத்துக் கொண்டுவந்தபோது எல்லைக் காவலரிடம் அகப்பட்டு, உறவினர் தயவால் தப்பினார் என்பர். அவரும் அவர் தம்பி சோ கியோங்ஜோவும் மேல்கடலோரத்துச் சோரே என்னும் சிற்றூரில் குடியேறி, அக்கம்பக்கத்தாரைக் கூட்டி வாசிக்கலாயினர். ஊர்தோறும் சென்று போதிக்க அந்நாட்டில் அயல்நாட்டுப் பாதிரி ஒருவரும் இல்லாத காலம் அது.

1882-இல் கொரியா அமெரிக்காவோடு உடன்படிக்கை செய்து கொண்டது. 1884-இல் ஹோரேஸ் ஆலன் என்னும் வைத்தியரும், 1885 ஏப்ரலில் அண்டர்வுட், அப்பென்ஸெல்லர் என்னும் இளம் பாதிரிமாரும் வந்திறங்கினர். விதைக்க வந்த அண்டர்வுட் கண்டது ஏற்கனவே விளைந்திருந்த வயல். 1887 தொடக்கத்தில் சோரே ஊரார் சிலர் தாமே சியோல் நகரம் நடந்துவந்து, 'எமக்கு ஞானஸ்நானம் தருக' என்று கேட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் சியோலில் முதல் பிரெஸ்பிட்டேரியன் சபை 14 அங்கத்தினரோடு அமைக்கப்பட்டபோது, மஞ்சூரியாவிலிருந்து வந்திருந்த ராஸ் அதனைக் கண்ணாரக் கண்டார். அப்பதினால்வருள் பெரும்பாலோர் சோ சாங்ரியுனின் உழைப்பால் வந்தவரே.

வளர்ச்சியால் வந்த சங்கடம்

சபை வளருமாயின் பாதிரிமார் மகிழ்வர் என்று எண்ணுவோம். ஆயின் வளர்ச்சியே அவர்க்குக் கவலையாயிற்று. இத்துணை மக்களையும் யார் போதிப்பது? ஊர்தோறும் ஆலயம் கட்டப் பணமெங்கே? படிக்கத் தெரிந்த கொரியரைச் சம்பளம் கொடுத்து உபதேசியாராக அமர்த்தினால், எத்தனை பேரை அமர்த்துவது? சம்பளத்திற்காகவே வருவோரை எவ்வாறு அறிவது? பிற நாடுகளில் உணவுக்கும் உத்தியோகத்திற்கும் ஆசைப்பட்டு மதம் மாறியோர், உதவி நின்றதும் பழைய இடம் திரும்பிய செய்தி அவர்கள் காதில் விழாமலில்லை. 1890-இல் அண்டர்வுட்டுக்கு வயது 30. அவ்வாண்டே வந்துசேர்ந்த மாஃபெட்டுக்கு 26. அனுபவம் முதிராத அவ்விளைஞர், மஞ்சட்கடலுக்கு அப்பால் சீனத்து ஷாண்டுங் மாகாணத்தில் நெடுநாள் உழைத்த ஒரு முதியவரைத் துணைக்கு அழைத்தனர். அவர்தாம் ஜான் லிவிங்ஸ்டன் நீவியஸ்.

நீவியஸ் கண்ட வழி

நீவியஸ் 1829-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தவர். 1854-இல் சீனம் சேர்ந்தவர். பிற்காலத்தில் ஷாண்டுங்கின் சீபூ துறைமுகத்தில் குடியிருந்து, அங்கு ஒரு பழத்தோட்டம் வைத்தார். மேல்நாட்டு ஆப்பிள், பேரிக்காய் முதலியவற்றைத் தருவித்து, உள்நாட்டு மரங்களில் ஒட்டுக்கட்டி வளர்த்து, அவ்வொட்டுக்களைச் சீனக் குடியானவர்க்குக் கொடுத்தார். இன்றும் அவ்வூர் ஆப்பிள் சீனமெங்கும் பெயர்பெற்றது. ரப்பர்த் தோட்டத்தில் நாற்றின்மேல் நல்லினத்து மொட்டை ஒட்டிக் கட்டும் வேலையைக் கண்ட நம் வாசகர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வேர் அந்த மண்ணினதாக இருந்தாலன்றி ஒட்டு பிழைக்காது. அவர் தம் சபை வேலையிலும் இதே வழியைக் கைக்கொண்டார்.

அவர் தொடக்கத்தில் பழைய வழியிலேயே நடந்தவர். அவ்வழி யாதெனில், புதிதாகச் சபை சேர்ந்தவருள் சற்றுக் கெட்டிக்காரரைத் தேர்ந்து, அவர் செய்து வந்த உழவையோ வியாபாரத்தையோ விடுவித்து, மிஷன் சம்பளத்தில் உபதேசியாராக்கி வேற்றூர் அனுப்புதல். இதன் தீமைகளை அவர் 1885-இல் எழுதிய கட்டுரைகளில் ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார். சொந்த ஊரில் அவன் வாழ்க்கையைக் கண்டு பிறர் திருந்தும் வாய்ப்புப் போயிற்று. சம்பளம் பெறாதவன், 'அவனுக்குக் கூலி, எனக்கு என்ன?' என்று வாளாவிருந்தான். ஊரார் கண்ணுக்கு அவன் அந்நியரின் வேலைக்காரனானான். அவன் சொல்லுக்கு மதிப்புக் குன்றியது. உண்மையுள்ளவனையும் ஊதியத்திற்கு வந்தவனையும் பிரித்தறிதல் இயலாதாயிற்று. அயல்நாட்டுப் பணம் குறைந்தபோது வேலையும் குறைந்தது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்னும் நம் பழமொழி இங்கு முற்றும் பொருந்தும்.

ஆகையால் அவர் ஷாண்டுங்கில் வேறு வழி கண்டார். 1877-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அவர் பட்டினி கிடந்தோர்க்குத் தாராளமாகப் பணம் பகிர்ந்தளித்தவர். பசித்தவனுக்குச் சோறிடுவதை அவர் ஒருபோதும் தடுத்தவரல்லர். சோறிடுதல் வேறு, ஒரு சமூகத்தின் தலைவர்களை விலைக்கு வாங்குதல் வேறு என்பதே அவர் துணிபு. பஞ்சத்தின்பின் எழுந்த சபைகளில் அவர் சம்பள உபதேசியாரை நிறைக்கவில்லை. உழவன் உழவனாகவே, கொல்லன் கொல்லனாகவே இருந்து தன் அயலாரைக் கூட்டி வாசித்தான். உழவு வேலை ஓய்ந்த மாதங்களில் அத்தலைவர்கள் கூடிவந்து பாடங் கேட்டுத் திரும்பினர்.

ஷாங்காயில் 1890 மே மாதம் நடந்த பெரிய மிஷனெரி மகாநாட்டுக்குத் தலைமை வகித்தோருள் நீவியஸ் ஒருவர். அது முடிந்தபின், ஜூன் மாதத்தில் மனைவியாரோடு சியோல் வந்து இரண்டு வாரம் தங்கினார். கொண்டுவந்த நிதி ஒன்றுமில்லை. ஆலயம் ஒன்றும் அவர் கட்டவில்லை. இளைஞரோடு உட்கார்ந்து பேசினார். அவர் கேட்டதற்கெல்லாம் தம் வெற்றியையும் தோல்வியையும் காட்டி விடையளித்தார். அவர் போதித்தவற்றின் சாரம் நான்கே விதிகளில் அடங்கும். ஒவ்வொருவனும் தான் இருந்த தொழிலிலேயே இருந்து, தன் உழைப்பால் உண்டு, தன் அயலார்க்கு அறிந்ததைச் சொல்லுக. சபைக்காரியங்களை, அந்நாட்டார் தாமே பொறுப்பேற்று நடத்தக்கூடிய அளவுக்கே பெருக்குக. முழுநேர ஊழியர் வேண்டுமாயின், தகுதியுடையாரைச் சபையே தேர்ந்து, சபையே அவரைத் தாங்குக. ஆலயத்தை அவ்வூரார் தம் பொருளால், தம் நாட்டு முறையிலேயே கட்டுக. இவை யாவற்றுக்கும் அடிப்படையாக எல்லாரையும் படிப்பிக்கும் வகுப்புகள் இடைவிடாது நடைபெறுக.

இவற்றைச் சொல்லிவிட்டு அவர் கப்பலேறினார். 1893-இல் சீபூவில் உயிர்நீத்தார். தாம் சொன்னதன் விளைவைக் காண அவர்க்கு ஆயுள் இல்லை.

பிடியரிசியும் நாட்காணிக்கையும்

இளைஞர் அவர் சொல்லைப் பெரும்பாலும் ஏற்று, 1891-இல் தம் மிஷன் விதிகளை அதற்கேற்ப அமைத்தனர். 1893-இல் பிரெஸ்பிட்டேரியன் மிஷன்கள் கூடிச் செய்த தீர்மானங்கள் நம் கவனத்திற்கு மிகவும் உரியவை. பிரபுக்களை நாடாது உழைப்பாளி மக்களையே முதலில் நாடுவது. வருங்காலத் தாய்மார்களாகிய பெண்களையும் சிறுமியரையும் படிப்பிப்பது. நூல்கள் அனைத்தையும் சீன எழுத்தின்றித் தூய கொரிய எழுத்திலேயே வெளியிடுவது என்பன அவற்றுட் சில.

இக்கடைசித் தீர்மானத்தின் அருமையை உணர, அவ்வெழுத்தின் வரலாறு சிறிது தெரிதல் வேண்டும். சேஜோங் என்னும் கொரிய மன்னர், எளியோரும் எளிதிற் கற்கவேண்டுமென்று 28 எழுத்துக்கள் கொண்ட புதிய நெடுங்கணக்கை 1446-இல் வெளியிட்டார். புலவரோ அதனைக் 'கீழ்மக்கள் எழுத்து' என்று இகழ்ந்து, சீன எழுத்தையே பெருமையாகக் கொண்டனர். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அது பெண்டிர் கையிலும் ஏழைகள் கையிலும் ஒதுங்கிக் கிடந்தது. ராஸும் அவர் துணைவரும், பின்னர் சியோல் பாதிரிமாரும் அவ்வெழுத்தையே எடுத்துக் கையாண்டனர். குடியானவன் சில வாரங்களில் வாசிக்கக் கற்றான். அவன் மனைவியும் கற்றாள். 1896-இல் சுதந்திரம் என்னும் பெயர்தாங்கிய பத்திரிகை ஒன்றும் அவ்வெழுத்தில் வெளிவந்தது. தாய்மொழியை இகழ்ந்து பிறமொழியால் பெருமை தேடுவோர் எந்நாட்டிலும் உளர் என்பதும், ஒரு மக்கட்கூட்டம் எழுவது தன் பாஷையின் வழியாகவே என்பதும் இதனால் விளங்கவில்லையா?

பணத்திற்கு என் செய்தனர்? குடும்பப் பெண்டிர் ஒவ்வொரு வேளையும் உலையிலிடும் அரிசியில் சிறிது எடுத்துத் தனிப்பானையில் சேர்த்து, அதனைச் சபைக்குக் கொடுத்தனர். பிடியரிசி எடுத்துவைக்கும் நம் தாய்மார்க்கு இது புதிதன்று. பணமோ அரிசியோ இல்லாதார், 'ஆண்டில் இத்தனை நாட்களை ஊர் சுற்றிப் போதிக்கக் கொடுப்பேன்' என்று நாட்களையே காணிக்கையாக எழுதிக் கொடுத்தனர். நாட்கூலிக்கு உழைக்கும் ஒருவன் தன் நாளைக் கொடுப்பதைவிடப் பெரிய கொடை யாது? குளிர்கால வகுப்புகளுக்கு மக்கள் தம் அரிசியைத் தம் முதுகில் சுமந்து பல நாள் நடந்து வந்தனர். தங்குவதற்கும் உண்பதற்கும் ஆன செலவைத் தாமே ஏற்றனர். மிஷன் சோறிடவில்லை, ஆதலின் சோற்றுக்காக வந்தார் என்று ஒருவரும் சொல்ல வழியில்லை.

சோரே ஊரார் 1895-இல் தம் பொருளாலும் உழைப்பாலும் தமக்கென ஆலயம் எழுப்பினர். ஊர்தோறும் அவ்வாறே ஆலயங்கள் எழுந்தன. மேல்நாட்டுக் கோபுரமும் வண்ணக்கண்ணாடியும் அவற்றில் இல்லை. மரத்தூணும் மண்சுவரும் ஓட்டுக்கூரையுமே. சிலவற்றை நம் 'ட' என்னும் எழுத்தைப்போல் மூலை திருப்பிக் கட்டினர். ஆண்கள் ஒரு சிறகிலும் பெண்கள் ஒரு சிறகிலும் அமர, போதகர் மூலையில் நின்று இருசாராரையும் காண்பார். அந்நாட்டு வழக்கத்திற்கு இசைய அவர்கள் தாமே கண்ட ஏற்பாடு அது.

எசமானும் குதிரைக்காரனும்

அத்தகைய ஆலயங்களுள் ஒன்று, 1908-இல் எழுந்து, கொரியாவின் தென்மேற்கே கிம்ஜே வட்டாரத்துக் கும்சானில் இன்றும் நிற்கின்றது. அவ்வாலயத்தின் வரலாறு தோட்டத்து வாசகர் அறிந்திருக்க வேண்டியதொன்று.

அவ்வூரில் ஜோ டொக்சாம் என்பவர் பெரிய நிலக்காரர். அவர் வீட்டில் குதிரை பராமரித்தவர் யீ ஜாயிக் என்னும் இளைஞர். தாய்தந்தையரை இழந்து பிழைப்புத் தேடி வந்தவர். எசமானும் வேலைக்காரரும் ஒரே சபையில் சேர்ந்தனர். சபைக்கு மூப்பர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. தகுதியுடையாரைச் சபையே தேர்க என்பதன்றோ விதி? வாக்களித்தபோது எசமான் தேர்ந்தெடுக்கப்படவில்லை, குதிரைக்காரரே மூப்பரானார். சாதிப் படிநிலை வேரூன்றிய நாட்டில் இஃது எத்துணைப் பெரிய அதிர்ச்சி என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. சபை இரண்டாகப் பிளந்துபோம் என்று அஞ்சியோர் பலர். ஜோ டொக்சாமோ சபையாரின் முடிவை ஏற்று, தம் வேலைக்காரரை மூப்பராக மதித்து அவர் போதனையைக் கேட்டு அமர்ந்தார். பின்னர் அவர் பியாங்யாங் வேதாகமக் கல்லூரியிற் படிக்கவும் துணைசெய்தார். யீ ஜாயிக் படித்துப் போதகராகி அதே சபைக்குத் திரும்பினார். 1924-இலும், பின்னர் 1947, 1948-ஆம் ஆண்டுகளிலும் கொரியப் பிரெஸ்பிட்டேரியன் பொதுச்சங்கத்தின் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார்.

போதகரை மிஷன் நியமித்திருந்தால் இது நடந்திருக்குமா? அயல்நாட்டுத் துரைமார் நிலக்காரர் வீட்டிலன்றோ தங்குவர், அவரையன்றோ அறிவர்! குதிரை லாயத்தில் இருந்தவரின் தகுதியை அறிந்தவர் அவரோடு வாழ்ந்த ஊராரே. பொருட்செலவைத் தாமே தாங்கியதால், தலைவரைத் தேரும் உரிமையும் அவர்கட்குத் தாமாகவே வந்தது.

திரும்பிச் சென்ற துணை

1890-இல் அச்சபையில் ஞானஸ்நானம் பெற்றோர் சுமார் 100 பேர். இருபதாண்டில் அத்தொகை 30,000-ஐக் கடந்தது. 1907-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பியாங்யாங்கில் கூடிய குளிர்கால வகுப்பிலிருந்து ஒரு பெரும் எழுச்சி நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு செப்டம்பரில் கொரியர் எழுவர் முதன்முதலாகப் பிரெஸ்பிட்டேரியன் போதகர்களாக அபிஷேகம் பெற்றனர். அவருள் ஒருவர் சோரே ஊரின் சோ கியோங்ஜோ. இன்னொருவர் யீ கீபுங். இளமையில் மாஃபெட் பாதிரியார்மேல் கல்லெறிந்தவர் என்பர். எழுவர் கிடைத்தவுடனே, உள்ளூர்ச் சபைகட்கே ஆள் போதாத அந்நிலையிலும், அவ்வெழுவரில் ஒருவரான யீ கீபுங்கைத் தெற்கே ஜேஜூ தீவுக்கு மிஷனெரியாக அனுப்பினர்.

1910-இல் ஜப்பான் கொரியாவை விழுங்கிற்று. நாடு பறிபோன இரண்டாம் ஆண்டு, 1912-இல், கொரியச் சபை தன் பொதுச்சங்கத்தை அமைத்தது. சுதந்திரம் இழந்த மக்களின் அச்சங்கம் முதலில் செய்த காரியங்களுள் ஒன்று, அயல்நாட்டுக்கு மிஷனெரிகளை அனுப்பத் தீர்மானித்தது. 1913-இல் மூன்று கொரியப் போதகர் கடல் கடந்தனர். எந்நாட்டிற்கு? சீனத்து ஷாண்டுங் மாகாணத்திற்கு! நீவியஸ் எந்த மாகாணத்திலிருந்து வந்து யோசனை சொன்னாரோ, அந்த மாகாணத்திற்கே, அவர் மறைந்து இருபது ஆண்டின்பின், கொரியரின் பிடியரிசியும் காணிக்கையும் துணையாகச் சென்றன. லாய்யாங் என்னும் வட்டாரத்தில் அவர்கள் பணிபுரிந்தனர். அப்பணிக்குப் பின்னர்ச் சென்றவருள் பாங் ஜியில் என்பவர் போர்களையும் புரட்சியையும் கடந்து 1957 வரை சீனத்திலிருந்தார்.

ஊர்தோறும் கூடி, கணக்கெழுதி, வாக்களித்து, தம் தலைவரைத் தாமே தேர்ந்து பழகிய மக்கள் வேறு காரியங்களுக்கும் பயன்பட்டனர். 1919 மார்ச்சு 1-ஆம் நாள் கொரியச் சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்டோர் 33 பேர். அவருள் 16 பேர் கிறிஸ்தவர். அந்நாட்டு மக்கட்தொகையில் கிறிஸ்தவர் அப்போது மிகச் சிறுபான்மையினர் என்பதை நினைக்க, இத்தொகையின் பொருள் விளங்கும்.

மறுபக்கம்

சரித்திரம் எழுதுவோர் ஒருபக்கமே காட்டுதல் முறையன்று. இவ்வளர்ச்சிக்கு நீவியஸின் விதிகள் மட்டுமே காரணம் என்று நாம் கூறோம். 1894-95-இல் சீனமும் ஜப்பானும் கொரிய மண்ணிற் போர்செய்தபோது பழைய நம்பிக்கைகள் பல ஆட்டங்கண்டன. பிற ஆசிய நாடுகளில் பாதிரியும் ஆள்வோனும் ஒரே நிறத்தினராயிருக்க, கொரியாவை ஆண்டவர் ஜப்பானியர். ஆகவே அங்குக் கிறிஸ்தவம் ஆள்வோரின் மதம் என்னும் பழி எழவில்லை. மேலும், வைத்தியசாலையையும் கல்லூரியையும் கொரியர் தாமே கட்டும் நிலையில் இல்லை. 1904-இல் சியோலில் எழுந்த செவரன்ஸ் வைத்தியசாலை அமெரிக்கச் செல்வர் ஒருவரின் நன்கொடை. எவ்வுதவியும் ஆகாதென்பதன்று, எதற்கு உதவுவது என்பதே கேள்வி.

நீவியஸின் சொந்த மாகாணத்திலோ அவர் வழி பரவலாக ஏற்கப்படவில்லை. அங்கே அவருடன் உழைத்த கால்வின் மாட்டீர் அதனை மறுத்து 1900-இல் ஒரு நூலே வெளியிட்டார். ஒரே விதி ஓரிடத்தில் தளிர்த்து மற்றோரிடத்தில் வாடுதல் உண்டு. மண்ணும் வேண்டும், காலமும் வேண்டும்.

தன்காலில் நின்ற சபையும் தள்ளாடியதுண்டு. 1938-இல் ஜப்பானியப் போலீசார் புடைசூழ நடந்த பொதுச்சங்கம், ஷிண்டோ ஆலய வணக்கத்திற்கு இசைந்து தீர்மானம் செய்தது. அதனை மறுத்த ஜூ கீசோல் போன்றோர் சிறைபுகுந்தனர். அவர் 1944-இல் சிறையிலேயே மாண்டார். 1945-இல் நாடு இரண்டாகப் பிரிந்தது. கிறிஸ்தவர் மிகுந்திருந்த பியாங்யாங் வடபகுதியின் தலைநகராயிற்று. அவருட் பலர், 1953-இல் போர் ஓயுமுன், ஊரையும் ஆலயத்தையும் விட்டுத் தெற்கே ஓடினர். கட்டடங்களை இழந்த அவர்கள் சென்ற இடத்தில் மறுபடியும் கூடினர். யாரும் கட்டிக் கொடுத்துக் கூடியவரல்லர் ஆதலின், கட்டடம் போனபோது சபை போகவில்லை.

நமக்குரியது யாது?

கொரியர்க்கு மட்டுமே இத்தன்மை வாய்த்ததென்று எண்ணற்க. அதே காலத்தில் நம்மவரும் இவ்வழி நடந்துள்ளனர். 1903-இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலிக் கிறிஸ்தவர் கூடி, இந்தியர் பொருளால், இந்தியர் நிர்வாகத்தில், இந்தியரையே அனுப்பும் மிஷனெரி சங்கம் ஒன்றை நிறுவித் தெலுங்கு நாட்டில் பணி தொடங்கினர். அதன் தூண்களுள் ஒருவரான வே. ச. அசரியா, 1910-இல் எடின்பரோ நகரத்து உலக மிஷனெரி மகாநாட்டில், மேல்நாட்டார் கொடையாளராக மட்டும் நில்லாது நண்பராகப் பழகவேண்டும் என்னும் கருத்துப்படப் பேசியது அவையைத் திடுக்கிடச் செய்தது. கொரியரான யுன் சீஹோவும் அம்மகாநாட்டிற்குச் சென்றிருந்தார். கடல்கள் இடையிட்ட இரு நாட்டாரின் மனத்திலும் ஒரே காலத்தில் ஒரே கருத்து முளைத்திருந்தது.

இம்மலாயா நாட்டிற் குடியேறிய நம் முன்னோர் வாழ்க்கையையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்ப்போமாக. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி வைக்கவேண்டும் என்றது. அது நல்ல சட்டமே. ஆயினும் பல தோட்டங்களில் பள்ளி துரையின் பள்ளியாகவே இருந்தது; துரையின் மனம்போல் வாழ்ந்தது, தாழ்ந்தது. கிராணி வேலையில் கணக்குப் புத்தகத்தோடு காலங்கழிக்கும் நாம், நன்கொடைப் பத்தியில் ஒரே பெயர் எழுதப்பட்ட சங்கங்கள் எத்தனை ஆண்டு நின்றன என்பதையும், நூறு பெயர்கள் சிறு தொகையோடு எழுதப்பட்டவை எத்தனை ஆண்டு நின்றன என்பதையும் கண்டுவருகிறோம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் சம்பந்தனார் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தபோது, பால்மரம் சீவியவர்கள் தம் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப்பணமே தோட்டங்களை வாங்கிற்று. பிடியரிசியின் வலிமை நம் கையிலும் இருந்ததற்கு அதுவே சான்று.

ஆகையால், அன்பர்களே, வாசகசாலையோ, பள்ளி நிதியோ, கோவில் திருப்பணியோ, மாதர் சங்கமோ எதனைத் தொடங்கினும், தலைவாசலில் யார் பெயரைப் பொறிப்பது என்று ஆலோசிக்குமுன் வேறு சில வினாக்களை எழுப்புவோமாக. இதன் மாதச் செலவை நம்மூர் நாட்கூலிக்காரர் கூடித் தாங்க முடியுமா? முடியாதெனில், தாங்கும் அளவுக்கு இதனைச் சுருக்கினால் என்ன? இதன் தலைவரை நாம் தேர்ந்தோமா, நமக்குத் தேர்ந்து தந்தனரா? இதன் நடவடிக்கைகள் நம் பெண்களும் வாசித்தறியும் தமிழில் எழுதப்படுகின்றனவா? வெளியூரிலிருந்து உதவிசெய்ய வருவோரிடமும், எத்தனை வெள்ளி தருவீர் என்று மட்டும் கேளாது, உம் அனுபவத்தில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று கேட்டறிவோமாக. சியோல் இளைஞர் நீவியஸிடம் கேட்டது அதுவே. அவர் அவர்களிடம் விட்டுச் சென்றதும் அதுவே.